சிஸ்டர் தொட்டால் மேட்டுப்பாளையம்

அவருக்கு டீ பிடிக்காது என்பது எனக்குத் தெரியவே மூன்று வருடம் ஆனது. அரவேணுவில் என் மளிகைக் கடையை ஒட்டி ஒரு டீக்கடை. எதிர்ச்சாரியில் அரசு சுகாதார நிலையம். அங்கே நர்ஸாக இருந்த அவர், கர்ப்பிணிகளைப் பார்க்கும் செவ்வாய்க்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்கு ரோட்டைக் கடந்து வந்து ஒரு டீ வாங்குவார். கண்ணாடித் தம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே நிற்பார். சூடு தணிந்ததும் அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு மடக்குக்கூடக் குடித்து நான் பார்த்ததில்லை. சுற்றிலும் தேயிலைக் காடு, நடுவில் நின்றுகொண்டு டீயை இப்படி அவமானப்படுத்துகிறாரே என்று எனக்கு உள்ளூரக் கடுப்பு. ஒருநாள் கேட்டே விட்டேன்.

“எனக்கு டீ ஆகாதுங்க பாய். கை சூடாகணும், அதுக்குத்தான். இந்தக் குளுருல ஐஸ் கையைக் கொண்டுபோய் வெச்சா எந்த வயிறும் இறுகிக்கும். அப்புறம் நெசமாவே இறுகிக் கிடக்கிற வயிறு எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் முதலில் போன் போட்டுத் திட்டுவது அவராகத்தான் இருக்கும். ஊரில் எல்லாருக்கும் சிஸ்டர். எனக்கும் அப்படியே. ஐம்பதை நெருங்கிய வயது, குட்டையான உருவம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற மாதிரி ஒரு மெரூன் ஸ்வெட்டர். அவருடைய அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து இங்கே கொழுந்து கிள்ளியவர். சிஸ்டரும் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர்தான். ‘லைன் வீடு’ என்று நாங்கள் சொல்வதை அவர் கடைசிவரை ‘லயம்’ என்றுதான் சொன்னார்.

பார்க்க ஒன்றும் விசேஷமில்லாத அந்த மனுஷியிடம் ஒரு குணம் மட்டும் நான் வேறு யாரிடமும் காணாதது. தான் சொன்னது தப்பாகிப் போனால் அவருக்கு வெட்கமே வராது.

எங்கள் ஊரில் ஒரு சொலவடையே உண்டாகிவிட்டது. ‘சிஸ்டர் தொட்டா மேட்டுப்பாளையம்.’ கர்ப்பிணியின் வயிற்றில் கை வைத்துவிட்டு அவர் முகம் கொஞ்சம் மாறினாலும், அடுத்த நிமிடம் அந்தப் பெண் மலையிறங்க வேண்டியதுதான். கீழே ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தால் முக்கால்வாசி நேரம் ஒன்றுமிருக்காது. வாயுவாக இருக்கும், சூட்டு வலியாக இருக்கும், மாசமான பெண்களுக்கு இயல்பாகவே வந்து போகிற இறுக்கமாக இருக்கும். 108 வண்டி வேறெங்காவது போயிருந்தால் என்னுடைய ஆம்னி வேன்தான் கதி. கடைக்குள் வந்து, “பாய், சாவி” என்பார். கேள்வி கிடையாது. நானும் ஷட்டரை இறக்கிவிட்டு, போகிற வழியெல்லாம் மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டு ஓட்டுவேன்.

முதல் தடவை போனது நன்றாக ஞாபகமிருக்கிறது. ஒரு சின்னப் பெண், ஆறாம் மாதம், பாவாடையில் லேசாக ரத்தக் கறை. கீழே போய்ச் சேர்ந்தால், இளம் டாக்டர் ஒருவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் சிஸ்டரைப் பிடித்துக்கொண்டார். இதற்கெல்லாம் ஒரு பெண்ணை இத்தனை வளைவு உருட்டிக்கொண்டு வருவீர்களா என்றார். பக்கத்தில் நின்ற எனக்குக் காது சூடாகிவிட்டது. சிஸ்டரோ, “சரிங்க டாக்டர், நல்லதுங்க டாக்டர்” என்று, பரிசு வாங்கிய முகத்தோடு வெளியே வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி எல்லாருக்கும் வாழைக்காய் பஜ்ஜி வாங்கினார்.

“உங்களுக்கு ஒரு மாதிரியா இல்லீங்களா சிஸ்டர்?” என்றேன். என்னால் அடக்க முடியவில்லை.

“எதுக்குங்க? இந்தப் புள்ள நல்லா இருக்குது. வயித்துல இருக்கிறதும் நல்லா இருக்குது. நான் சொன்னதுதான் தப்பு. மூணு பேருல ஒருத்தர்தானே தப்பு, பரவால்லீங்க.”

நான் அந்த ரகம் இல்லை. பள்ளிவாசலில் தொழுகை வரிசையில் ஒரு தும்மல் போட்டால்கூட யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று பார்ப்பவன். நாலு பேர் சிரிப்பார்கள் என்றால் ஊசியையும் விழுங்கிவிட்டுச் சும்மா இருப்பேன். அதனால்தானோ என்னவோ, அவரைக் கிண்டல் செய்தவர்களில் நானும் முன்வரிசையில் இருந்தேன். கடையில் ஆள் கூடியிருக்கும்போது, “சிஸ்டர், இன்னிக்கு யாரைங்க கீழ தள்ளப்போறீங்க?” என்பேன். “நீங்க மாசமானா உங்களைத்தானுங்க பாய்” என்பார். கடை சிரிக்கும்.

அவர் கேட்கும் கேள்விகளும் தினுசானவை. சுகாதார நிலையத்துக்கு பினாயில், பிளீச்சிங் பவுடர் கொண்டுபோய்ப் போடும்போது, திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். எஸ்டேட் பெண்களுக்கு வயிறு தெரிகிற வரைக்கும், தெரிந்த பிறகும்கூட, மாதத்தை மறைக்கிற பழக்கம் உண்டு. சரிவில் வழுக்கி விழுந்தாலும் சொல்லமாட்டார்கள். சொன்னால் வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். விழுந்தியா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். அதனால் சிஸ்டர் அப்படிக் கேட்பதில்லை.

“கொழுந்து கொட்டிப் போச்சா கண்ணு?”

“ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க சிஸ்டர். ஒரு பை முழுக்கக் கொட்டிப் போச்சு. பொறுக்கி முடிக்க அரை மணி நேரம்.”

அவ்வளவுதான். பை கொட்டியது என்றால் ஆள் விழுந்திருக்கிறாள். விழுந்ததைச் சொல்லக் கூச்சப்படுகிறவள், கொட்டிப்போன கொழுந்தைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் புலம்புவாள். குடித்துவிட்டு வருகிற புருஷன் உள்ள வீடென்றால், “நேத்து சோத்துச் சட்டி தப்பிச்சுதா?” என்பார். அதற்கும் பதில் வரும்.

அன்று அந்தக் கொழுந்து கொட்டிய பெண்ணுக்கு எட்டாம் மாதம். சிஸ்டர் அவள் வயிற்றில் கையை வைத்தார். வைத்தால் பேச மாட்டார். கண்ணைச் சுவரில் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, மூன்று நிமிடம், நான்கு நிமிடம் அப்படியே இருப்பார். வயிறு இறுகினால் பிறகு இளக வேண்டும். இறுகி, இளகி, இறுகி, இளகி வந்தால் அது பிரசவ வலி. இறுகியது இளகவே இல்லையென்றால்தான் பயம். அந்தப் பெண்ணுக்கு இளகவில்லை. துணைக்கு வந்திருந்த ஆயா ஒருத்தி, லயத்தில் அந்தக் காலத்தில் பிரசவம் பார்த்த கைக்காரி, நான் உள்ளே பார்க்கிறேன் என்று சேலையை ஒதுக்கினாள். சிஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“உள்ள கை வெக்கக் கூடாதுங்க ஆயா. நஞ்சுக்கொடி எங்க உக்காந்திருக்குன்னு தெரியாம தொட்டுட்டா ரத்தம் ஊத்திரும். அதை நிறுத்த இங்க நம்மகிட்ட ஒண்ணும் இல்லீங்க.”

வேனில் அந்தப் பெண்ணை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, கையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்தார். சீட்டில் ரத்தம் எவ்வளவு பட்டிருக்கிறது என்று நான் கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன். பெரிய பொட்டு அளவுதான். இத்தனூண்டுக்கா இவ்வளவு ஓட்டம் என்று என் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டது.

“மழைக்காலத்துல உங்க கடைச் சுவத்துல பெயிண்ட்டு உப்பி நிக்குமில்லீங்களா பாய்? முன்னாடி பாத்தா ஒரு சொட்டு ஈரம் தெரியாது. பின்னாடி பூரா தண்ணி. நஞ்சு கர்ப்பப்பைச் சுவத்தை விட்டுப் பேந்துக்கிட்டாலும் அப்படித்தான். ரத்தம் பின்னாடி தேங்கி நிக்கும். வெளிய வர்றதை வெச்சுக் கணக்குப் போட்டா ஆளைப் பறிகொடுத்துருவோம்.”

அந்தப் பெண்ணுக்கு அன்று ஆபரேஷன் செய்து பிள்ளையை உயிரோடு எடுத்தார்கள். அவளும் பிழைத்தாள். ஊர் இரண்டு நாள் வியந்தது. மூன்றாம் நாள் வேறொருத்தி வாயு வலியோடு கீழே போய்த் திரும்பி வர, ‘சிஸ்டர் தொட்டா மேட்டுப்பாளையம்’ பழையபடி தொடங்கிவிட்டது.

இந்தப் பயம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். அக்கா ஒருத்தி பிரசவத்தில் போனாள் என்றார்கள். அவருக்கே முதல் பிள்ளை தங்கவில்லை என்றார்கள். பழைய இடத்தில் ஏதோ வழக்கு என்றும் ஒரு பேச்சு. நான் நேராகவே கேட்டேன். “காரணம் இருந்தாத்தான் பயப்படணுமாங்க பாய்? வயித்துக்குள்ள ஒரு உசுரு, வெளிய ஒரு உசுரு. அது போதாதுங்களா?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். கதைகளில் எது நிஜம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஒரே பெண். எட்டாம் மாதம் முடியப் போகிறது. செவ்வாய்க்கிழமை அவளைப் பார்த்த சிஸ்டர், பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்து, மறுவாரம் கீழே பெரிய டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு விரல் விட்டு எண்ணினார். “தலைவலி, கண்ணு மங்கல், வயித்து வலி, புள்ள அசையறது கொறையறது. இதுல எது வந்தாலும் போன் போடுங்க பாய். எந்நேரம்னாலும்.” நானும் பெரிய மனுஷனாகத் தலையாட்டினேன். எனக்குத் தெரியாததா! எத்தனை தடவை அவரோடு இறங்கியிருப்பேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தது. முதல் தடவையாகக் குடும்பத்தோடு, ஜும்மா தொழுதுவிட்டு எங்கள் வீட்டில் சாப்பாடு. ஜனவரி மாதம். ஊட்டியில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது என்று பேப்பரில் படம் வந்திருந்தது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை என்றாலும், குழாய்த் தண்ணீர் கையைக் கடித்தது.

நான் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்தபோது என் வீட்டுக்காரி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏனுங்க, புள்ளைக்கு வயித்து வலிங்கிறா. தொட்டுப் பாத்தேன், கல்லாட்டம் இருக்குதுங்க. சிஸ்டருக்கு ஒரு போன் போடட்டுங்களா?”

“இந்தக் குளுருக்கு வயிறு இறுகாம என்ன பண்ணும்? சுடுதண்ணிப் பையை வெச்சு ரெண்டு கம்பளியைப் போத்திவிடு. சரியாயிரும்.”

மலையில் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் குளிர்தான் காரணம். முழங்கால் வலித்தால் குளிர், பால் திரிந்தால் குளிர், பையன் பரீட்சையில் பெயிலானாலும் குளிர். வயிறு இறுகினால் கேட்கவே வேண்டாம். கீழ்நாட்டுக்காரர்கள் யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள். எங்களுக்கு அது தப்பாகவே தெரியாது. ஆனால் அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. இளகாத வயிறு என்றால் என்னவென்று அந்த ஊரில் சிஸ்டருக்கு அடுத்தபடி தெரிந்தவன் நான். சிஸ்டர் வந்தால் தொடுவார், தொட்டால் மேட்டுப்பாளையம், சம்பந்தி வந்து பூட்டிய வீட்டைப் பார்ப்பார், போன இடத்தில் வாயு வலி என்பார்கள், ஊர் ஒரு மாதம் சிரிக்கும். இவ்வளவும் ஒரு நொடியில் என் மனசில் ஓடியது. அதனால்தான் வேண்டாம் என்றேன். வீட்டுக்காரி இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அதட்டினேன்.

பத்து மணி வாக்கில் சோப்பு வாங்கக் கடைக்கு வந்த சிஸ்டர், “அம்மணி எப்படிங்க பாய் இருக்குது?” என்று மகளைப் பற்றிக் கேட்டார்.

“நல்லா இருக்காளுங்க சிஸ்டர். குளுருக்குப் போத்திப் படுத்திருக்கா.”

“பத்து மணிக்கா?”

சோப்பைக் கல்லா மேலேயே வைத்துவிட்டு, கடையைச் சுற்றிக்கொண்டு பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். அடுப்படியில் பிரியாணி தம்மில் இருந்தது. சிஸ்டர் நேராக அந்தச் சட்டியிடம் போய், மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்தார். எடுத்தார், தேய்த்துக்கொண்டார், மறுபடி வைத்தார். எதற்கென்று எனக்குத் தெரியும்.

கையைச் சூடாக்கிக்கொண்டே கேட்டார். “வலி எப்போலேர்ந்துங்க பாய்?”

“இப்பத்தானுங்க. ஒரு அரை மணி நேரம் இருக்கும்.”

அந்தப் பொய் எப்படி வாயில் வந்தது என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். விடியற்காலையிலிருந்து என்று சொன்னால், அப்போதே ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பார். அவ்வளவுதான் காரணம். வீட்டுக்காரியும் மகளும் உள்ளறையில் இருந்தார்கள். இருவர் காதிலும் அது விழவில்லை.

சிஸ்டர் உள்ளே போய் என் மகள் வயிற்றில் கை வைத்தார். கண் சுவருக்குப் போனது. நான் வாசற்படியில் நின்றேன். மூன்று நிமிடம் ஆகவில்லை, அதற்கு முன்பே கையை எடுத்துவிட்டார்.

“அம்மணி, புள்ள அசைஞ்சுதா?”

“காலைலேர்ந்து நல்லாத் தூங்குதுங்க சிஸ்டர்” என்றாள் என் மகள்.

ரத்தம் ஒரு துளிகூட வெளியே இல்லை. பையிலிருந்து சின்ன மிஷினை எடுத்து வயிற்றில் வைத்தார். அதிலிருந்து பிள்ளையின் இதயத் துடிப்பு கேட்கும். குதிரை ஓடுகிற மாதிரி கேட்க வேண்டும் என்று முன்னொரு நாள் அவரே எனக்குச் சொல்லியிருந்தார். அன்று அது நடந்து வந்தது. நின்று நின்று நடந்தது. சிஸ்டர் சட்டென்று சத்தத்தைக் குறைத்தார்.

“பாய், 108க்குப் போடுங்க.”

முற்றத்துக்கு வந்து போன் போட்டேன். கோத்தகிரி வண்டி எங்கோ தூரத்து எஸ்டேட்டில் இருக்கிறது, வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். திரும்பி வந்து சொன்னேன். அதற்குள் சிஸ்டர் மகளின் கையில் ஊசி குத்தி பாட்டிலை மாட்டியிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வேண்டாம். உங்க வண்டியை எடுங்க. கீழ இருக்கிற வண்டியை மேல ஏறி வரச் சொல்லி நான் பேசிக்கறேன். வழியில குஞ்சப்பனையில மாத்திக்கலாம்.”

“நாப்பது நிமிஷம்தானுங்களே சிஸ்டர். சம்பந்தி வேற வந்துட்டே இருக்காங்க...”

அந்த வார்த்தையையும் நான்தான் சொன்னேன். சிஸ்டர் நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். நான் போய் வண்டியை எடுத்தேன்.

வேனில் என் வீட்டுக்காரி பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் இடது பக்கம் சாய்ந்து படுத்திருந்தாள். சிஸ்டர் அவளிடமிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, குழாயைத் தன் உள்ளங்கையில் வைத்து மூடி, அந்தக் கையை ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டார். “டைம் பாத்துக்கங்கக்கா. ஏழு நிமிஷம்” என்றார் என் வீட்டுக்காரியிடம். ஏழு நிமிடத்தில் ரத்தம் கட்டியாக வேண்டும். குளிரில் வெளியே வைத்தால் நல்ல ரத்தமே மெதுவாகத்தான் உறையும், தப்பாக முடிவு செய்துவிடுவோம் என்பதால் உடம்புச் சூட்டிலேயே வைத்திருப்பார். தேயிலை லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. ஹாரனை விடாமல் அமுக்கினேன். அல்லாஹ்வே, எத்தனையோ தடவை இவர் தப்பாகியிருக்கிறார், இன்றைக்கும் ஒரு தடவை தப்பாக்கு, ஊர் முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

“ஏழாச்சுங்க சிஸ்டர்” என்றாள் என் வீட்டுக்காரி.

சிஸ்டர் கையை வெளியே எடுத்துக் குழாயைச் சாய்த்துப் பார்த்தார். வண்டிக் கண்ணாடியில் எனக்கும் தெரிந்தது. உள்ளே தண்ணீர் மாதிரி ஓடியது. குழாயை மறுபடி மூடிக்கொண்டு, கீழே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

“நஞ்சு பிரிஞ்ச கேஸுங்க. வெளிய ரத்தம் இல்ல, எல்லாம் உள்ள. ரத்தம் உறைய மாட்டேங்குது. ரத்தமும் பிளாஸ்மாவும் எடுத்து வெச்சுருங்க, தியேட்டரைத் திறந்து வெச்சுருங்க. குரூப் பி பாசிட்டிவ்.”

ஒரு வளைவில் சம்பந்தி வீட்டுக் கார் எதிரே ஏறி வந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் நிறுத்தவில்லை. அவர்கள் திருப்பிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். குஞ்சப்பனையில் ஆம்புலன்ஸ் நின்றது. மாற்றினோம். சிஸ்டர் அதில் ஏறிக்கொண்டார். பின்கதவு மூடும்போது என் மகளின் முகம் வெளுத்த துணி மாதிரி இருந்தது.

பையன் அழவில்லை. எடுத்தபோதே உயிர் இல்லை. மகளுக்குப் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்கள். மாப்பிள்ளையும் அவர் அண்ணனும் கொடுத்தார்கள். பிரசவத்துக்குப் பிறகும் ரத்தம் நிற்காமல், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு தடவை கையெழுத்துக்கூட வாங்கினார்கள். எடுக்காமலே நின்றது. சாயங்காலம் ஐந்து மணிக்கு, இனி பயமில்லை என்றார் டாக்டர். காலையிலேயே வந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று நான் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். சம்பந்தி என் தோளில் கை வைத்து, “அல்லாஹ் நாடினதுங்க” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சிஸ்டர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அழுதிருந்தார். நான் பக்கத்தில் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சுருங்க பாய். செவ்வாக்கெழமையே பிரஷர் பாத்தேன். நேத்தே ஊட்டுக்கு வந்து ஒரு எட்டுப் பாத்திருக்கணும். லேட் பண்ணிட்டேன்.”

ஊரே சிரித்தபோதெல்லாம் துளி வெட்கப்படாத மனுஷி, அன்று என் முன்னால் தலைகுனிந்து நின்றார். “உங்க மேல என்னங்க சிஸ்டர் தப்பு” என்றேன். அது உண்மைதான். யார் மேல் தப்பு என்பதைச் சேர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பழியை அவர் சுமந்துகொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றரை வருடம் அப்படியே போனது. செவ்வாய்க்கிழமைகளில் டீக்கடைக்கு வருவார். தம்ளரை உருட்டுவார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். நான் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டிருந்தேன். பிறகு கிளென்மார்கன் பக்கம் மாற்றல் வந்தது. கிளம்பும் நாளில் அவர் சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தபோது போனேன். கயிறு பிடிக்க உதவுவது போல நின்று, கடைசியில் சொன்னேன்.

“சிஸ்டர், அன்னிக்கு வலி வந்து அரை மணி நேரந்தான் ஆச்சுன்னு சொன்னேனுங்களே. அது பொய்யிங்க. சுபுஹுலேர்ந்தே இருந்துச்சு. உங்களைக் கூப்பிட வேண்டாம்னதும் நான்தானுங்க.”

அவர் முடிச்சைப் போட்டு முடித்தார்.

“தெரியுங்க பாய். நீங்க முற்றத்துல போன் பேசிட்டு இருந்தப்போ அம்மணியைக் கேட்டேன். அது சொல்லுச்சு.”

“தெரிஞ்சுமா என்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்க?”

“நானும் லேட்டுதானுங்களே.” மெதுவாகத்தான் சொன்னார். கோபம் இல்லை. “உங்க அரை மணியை நம்பியிருந்தா நேரம் இருக்குதுன்னு 108க்கு நின்னுருப்பேனுங்க பாய். அந்த நாப்பது நிமிஷம் அம்மணிக்கு இல்ல.”

பேரனைத்தான் நான் பறிகொடுத்தேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். மகளையும் சேர்த்துக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஜீப் வரைக்கும் நடந்தேன். என்ன சொல்லி அனுப்பினேன் என்று ஞாபகமில்லை.

மகளுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. திருப்பூரில் நன்றாக இருக்கிறாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் பெண்கள் கூடினால் அந்த வெள்ளிக்கிழமைக் கதை எப்படியும் வந்துவிடும். “அன்னிக்கு எங்க அத்தா மட்டும் அப்படி வண்டியை விரட்டலைன்னா நான் இன்னிக்கு இல்லைங்க” என்று சொல்லுவாள். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அத்தாவுக்குப் புகழ்ந்தால் பிடிக்காது என்று சிரிப்பாள்.

இதை முதலில் அவளுக்குத்தான் படிக்கக் கொடுக்க வேண்டும்.